பிள்ளை பெற்றவள் பகலில் தூங்கக் கூடாது

எனக்குத் தூக்கம் என்றால் உயிர். அதைச் சொல்ல வெட்கமெல்லாம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மறுபடி படுத்தவள் நான். அதனால் பிள்ளை உண்டான பிறகு டாக்டரம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வியே எப்படிப் படுக்க வேண்டும் என்பதுதான். "இடது பக்கமாப் படுங்க" என்றார். பிறந்ததிலிருந்து குப்புறப் படுத்தே பழகியவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஐந்தாம் மாதம் வரை சமாளித்தேன். பிறகு இடுப்பு வலி, கால் குடைச்சல், நெஞ்செரிச்சல் மூன்றும் முறை வைத்துக்கொண்டு வந்தன. வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று என்று வீட்டில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு மிஞ்சியது மடித்த போர்வைதான். கடைசியில் ஆன்லைனில் கர்ப்பிணித் தலையணை ஒன்றை வரவழைத்தோம். ஆளுயரத்தில், லாடம் மாதிரி வளைந்து இருந்தது. அதற்குள் புகுந்து படுத்துவிட்டால் முன்னாலும் முட்டு, பின்னாலும் முட்டு. அன்றைக்குத்தான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். "கட்டில்ல மூணாவது ஆளுக்கு எடம் குடுத்தாச்சு, இனி எனக்கென்ன வேலை" என்று அவர் கீழே பாயை விரித்துக்கொண்டார்.

வளைகாப்பு முடிந்து, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தபோது அந்தத் தலையணையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அம்மா பார்த்தாள். "அடி ஆத்தி! என்னடி இது, மலைப்பாம்பு கணக்கா?" என்றாள். அன்றிலிருந்து அதற்கு மலைப்பாம்பு என்றே பெயர் ஆகிவிட்டது.

ஆபரேஷன் செய்துதான் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா எனக்காக அறையைத் தயார் செய்து வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவள் பாயில்தான் படுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தையல் போட்ட வயிற்றோடு தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது என்பதால் கட்டிலுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. கட்டில் மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் நாலாய் மடித்த பழைய வேட்டி. குழந்தைக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் தூளி. இருபது வருஷம் துவைத்துத் துவைத்து அந்தத் துணி விபூதி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. தலை உருண்டையாக வருவதற்குக் கடுகு நிரப்பிய குட்டித் தலையணை ஒன்றையும் தைத்து வைத்திருந்தாள். பச்சைப்பிள்ளைக்குத் தலையணையே வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அதை மட்டும் பிடுங்கி அலமாரியில் போட்டேன். அதற்கு அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அதெல்லாம் பரவாயில்லை. காதில் பஞ்சு வை என்றாள், வைத்தேன். தலையில் துண்டு கட்டு என்றாள், கட்டினேன். மதுரை வெயிலில் ஃபேனை ஒன்றுக்கு மேல் வைக்காதே என்றாள், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றே ஒன்றுதான் என்னால் முடியவில்லை. பகலில் தூங்கக் கூடாது என்றாள்.

எத்தனை காரணம் சொன்னாள் தெரியுமா? உடம்பு ஊதிவிடுமாம். தலையில் நீர் கோத்துக்கொள்ளுமாம். வயிறு தொப்பை போட்டுவிடுமாம். மகளோ ராத்திரி முழுக்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கேட்பாள். விடிந்ததும் அவளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூளியில் போட்டால் பத்து மணிக்குக் கண்ணை மூடுவாள். பிறகு ஒரு மணி வரைக்கும் அசைய மாட்டாள். நாள் முழுதிலும் எனக்குக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான். தையல் ஆறிய பிறகு எனக்கும் சேர்த்து எண்ணெய்க் குளியல், சுடுதண்ணீர், தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை எல்லாம் நடந்தது. அதற்கு மேல் பூண்டுக் குழம்பும் சோறும். எந்த மனுஷிக்குத் தூக்கம் வராது? கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். அப்போது பார்த்து அம்மா ஒரு முறத்தில் பூண்டைக் கொட்டிக் கொண்டுவந்து என் மடியில் வைப்பாள்.

"உரி. கை வேல பாத்தா தூக்கம் வராது."

"அம்மா, அஞ்சே நிமிஷம்மா."

"அஞ்சு நிமிஷம்னு சொல்லித்தான் அம்புட்டுப் பேரும் தூங்குறாளுக. உரிடி."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஒரு நாள் முறத்தைத் தள்ளிவிட்டு, "நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டேவிட்டேன். அவள் உருண்ட பூண்டுகளைப் பொறுக்கினாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள். "உன் மாமியா வந்து பாத்துட்டு, புள்ள பெத்தவளத் தூங்கவிட்டு ஊத வச்சிட்டாகன்னு ஒரு வார்த்த சொல்லிப்புட்டா நான் மொகத்த எங்க கொண்டு போயி வைக்க?"

என் அத்தை, அதாவது என் மாமியார், டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். வாரத்துக்கு ஒரு முறை கருவாடு, கருப்பட்டி என்று ஏதாவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். அதிகம் பேச மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தூளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு அம்மா நடுங்குவாள். அவர் வருகிறார் என்று போன் வந்தால் போதும், மலைப்பாம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, எனக்குத் தலை சீவிப் பவுடர் போட்டு, சுவரோரம் நிமிர்த்தி உட்கார வைத்துவிடுவாள். அந்தக் கட்டிலில் பகலில் யாரும் தலை சாய்த்ததே இல்லை என்பதற்கு அத்தனை அடையாளமும் தயாராக இருக்கும்.

ஒரு தடவை அத்தை என்னைக் காட்டிக் கேட்டார். "கண்ணு ஏன் மதினி இப்பிடிச் செவந்து கெடக்கு?"

"சாம்பிராணிப் பொக மதினி" என்றாள் அம்மா.

"ஓகோ" என்றார் அத்தை. என்ன கண்டுபிடித்துவிட்டாரோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மகளுக்கு ஒரு மாதம் முடிந்த சமயம் அது நடந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண் எப்போது சொருகியது என்று தெரியாது. "ஏய்!" என்று அம்மா கத்தும் சத்தம் கேட்டு விழித்தால், பிள்ளை என் கையிலிருந்து நழுவித் தொடையைத் தாண்டி, கட்டில் விளிம்பில் அம்மாவின் இரண்டு கைகளுக்குள் இருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அழக்கூட இல்லை. இப்படியே போனால் என்றைக்காவது பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் அழுதேன். அம்மாவும் அழுதாள். அழுதுவிட்டுப் போய் எனக்கு ஸ்ட்ராங்காகக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். என்ன சொல்வது இவளை!

இரண்டு நாள் கழித்து அம்மா ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்தது. மகள் தூளியில் தூங்க ஆரம்பித்திருந்தாள். வழக்கம்போல முறத்தில் பூண்டை வைத்துவிட்டு, "கதவச் சும்மா சாத்திட்டுப் போறேன். படுத்துராத, போன கையோட வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருமுனையில் அவள் செருப்புச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து மலைப்பாம்பை இழுத்துப் போட்டு, உள்ளே புகுந்து, கண்ணை மூடினேன். அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது முதலில் தெரிந்தது காற்று. ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்துத் தெரிந்தது அத்தை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். மடியில் முறம். பூண்டு முழுக்க உரித்தாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்தவர், போன் செய்யாமல் அப்படியே வந்திருக்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பதறி எழுந்ததில் தையல் போட்ட இடம் சுரீர் என்றது. "இல்லத்தை, தூங்கல, இப்பத்தான் சும்மா சாஞ்சேன்" என்று உளறினேன்.

"படு தாயி" என்றார். "ஒண்ணர மணி நேரமாத் தூங்குற. இன்னுங் கொஞ்சம் தூங்கு."

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா உள்ளே வந்தாள். கடையில் கைரேகை விழவில்லை என்று நிற்கவைத்துவிட்டார்களாம். ஒரு கையில் அரிசிப் பை, ஒரு கையில் பாமாயில் பாக்கெட். கட்டிலைப் பார்த்தாள், மலைப்பாம்பைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், கடைசியில் அத்தையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மதினி, சத்தியமாச் சொல்றேன், நான் ஒரு நாளும் தூங்க விட்டதில்ல. இன்னைக்கு நான் இல்லாத நேரமாப் பாத்து இவ..."

"தூங்க விட்டதில்லையா?" என்று அத்தை ஆட்டிய கையை நிறுத்தினார். "எதுக்கு மதினி?"

"ஊதிரும்ல. நீங்க ஒண்ணும் சொல்லிரக் கூடாதுன்னுதான்..."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "நான் என்னத்தச் சொல்லப் போறேன்? ஒவ்வொரு வாரமும் இவளத் தூங்க விடுங்கன்னு சொல்லத்தான் பஸ் ஏறி வாரேன். இந்தப் புள்ள கண்ணு செவந்து, பவுடரப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கும். தாய்வீட்டுல வந்து மாமியாக்காரி வாயத் தொறந்தா நல்லாருக்குமா? உங்க வீட்டு வழக்கமாக்கும்னு திரும்பிப் போயிருவேன். தூங்குனா எங்கயாச்சும் ஒடம்பு ஊதுமா? ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடக்குறவ பகல்ல தூங்காம வேற எப்பத் தூங்குவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அத்தை அம்மாவுக்காக, அம்மா அத்தைக்காக. நடுவில் என் ஒரு மாதத் தூக்கம் போயே போச்சு. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அம்மா அரிசிப் பையைக் கீழே வைக்கவில்லை. பிடித்த பிடியிலேயே நின்றாள். முதலில் அவள் கோபப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இவளப் பெத்தப்ப," என்று என்னைக் காட்டிச் சொன்னாள், "என் மாமியா மொகத்துல பச்சத் தண்ணி அடிச்சு எழுப்புவாக மதினி. கண்ணசந்தாப் போதும், செம்போட வந்துருவாக. மூணு மாசம். ஒரு நாள் நான் கால்ல விழுந்து கேட்டேன், ஒரு அர மணி நேரம் விடுங்கன்னு."

தூளி தானாக ஒரு முறை ஆடி நின்றது. அத்தை எழுந்துபோய் அம்மா கையிலிருந்த பையை வாங்கினார். அம்மா அதை விட்டது மாதிரியே தெரியவில்லை, கை அப்படியே மடங்கி இருந்தது.

"ஊதாதுன்னா," என்றாள், "அப்ப என்னைய எதுக்கு மதினி எழுப்புனாக?"