ஆட்டுக்குக் கொள்ளு, கிட்டுசாமிக்கு ரசஞ்சோறு

அறுபத்தெட்டு வயதில் ஏழு நாய்களை அடித்துக் கொன்ற ஆள் திருப்பூர் ஜில்லாவிலேயே ஒருவன்தான்; அவன் என் தம்பி கிட்டுசாமி. சரி, ஏழு என்பது என் கணக்கு. என் வாயில் எதுவும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். ஆட்டுக்குட்டிகள் சிந்திய ரத்தத்தை மட்டும் கூட்டிச் சொல்லவில்லை.

முதலிபாளையத்து பனியன் கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக நின்றவன். வேலையை விட்டபின் வீட்டுக்குப் பின்னால் பட்டி போட்டு ஆடு வளர்த்தான். ஆடுகளுக்குத் தினமும் ஊறவைத்த கொள்ளு, கடலைப் புண்ணாக்கு. தனக்கு மூன்று வேளையும் ரசஞ்சோறு. மருமகள் ஜெயசுதா முட்டை வைத்தால், "வயசான ஒடம்புக்குக் கனமான தீனி ஆகாது கண்ணு, பசங்களுக்குப் போடு" என்று தள்ளிவிடுவான். தோள் சட்டைக்குள் கரைந்துகொண்டே வந்தது.

போன சித்திரையில் ஒரு காலை, தெருநாய்கள் கம்பிவலைக்கு அடியில் குழி பறித்துப் பட்டிக்குள் புகுந்தன. தடியை ஓங்கிய வேகத்திலேயே கிட்டுசாமி சாய்ந்தான். மணிக்கட்டு முறிந்தது. காலை ஊன்றி எழ முடியவில்லை. கை எட்டும் தூரத்தில் ஒரு நாய் ஆட்டுக்குட்டியின் வயிற்றைக் கிழித்துக் குடலை இழுத்தது. குட்டி கத்திக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தது. இன்னொரு குட்டிக்குத் தொண்டை போனது. ஜெயசுதா ஓடிவந்து தூக்கும்வரை மண்ணில் கிடந்து அத்தனையும் பார்த்தான்.

கட்டுப் போட்ட டாக்டரம்மா, "எலும்பு இளைச்சுருச்சு, சதையும் கரைஞ்சுருச்சு. தினமும் என்னங்க சாப்பிடுறீங்க?" என்றார். ஜெயசுதா ஆட்டுத் தீனி, மாமனார் தீனி இரண்டையும் ஒப்பித்தாள்.

"உங்க ஆடு உங்களைவிட நல்லாச் சாப்பிடுதுங்க. வயசாக ஆகத்தான் புரதம் கூட வேணும். வேளைக்கு வேளை பருப்போ, கொள்ளோ, முட்டையோ, தயிரோ தட்டுல இருக்கணும். தின்னா மட்டும் பத்தாது, நாற்காலியில உக்காந்து உக்காந்து கை ஊனாம எந்திரிங்க."

மற்ற ஆடுகளை விற்றுவிட்டான். வெள்ளச்சி என்ற பெட்டையாட்டை மட்டும் வைத்துக்கொண்டான். "இதையும் நாய்க்குக் குடுத்தன்னா நான் மனுசனே இல்லீங்கக்கா" என்றான். அவன் தட்டில் கொள்ளுப்பருப்பு, முட்டை, முருகனுக்கான கிருத்திகை நாளில் முட்டைக்குப் பதில் பாசிப்பயறும் தயிரும். நாற்காலியிலிருந்து முதல் நாள் மூன்று முறை எழுந்தான். தை பிறந்தபோது முப்பது.

மாசியில் நாய்கள் திரும்பி வந்தன. வெள்ளச்சி சினை. அதன் பின்னங்காலைக் கவ்விய நாயை மண்வெட்டியால் மண்டையில் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் நாலு தெரு தள்ளி என் வீட்டுக்குக் கேட்டது. அடுத்த நாய் அவன் முழங்கையைக் கடித்துத் தொங்கியது. சதை பிய்ந்தது. அதன் கழுத்தைப் பிடித்துக் கல்தூணில் மோதினான், நாக்கு வெளியே வரும்வரை மோதினான்.

இதுவரை எழுதி அவனுக்கே படித்துக் காட்டினேன். நாய்க்கடி ஊசி போட்ட கையோடு வந்திருந்தவன், வறுத்த கடலையை மென்றபடி கேட்டான்.

"ஏனுங்கக்கா, நாய் மூணுதானுங்க. மண்வெட்டியில போட்டது ஜெயசுதா. தூணுல மோதுனதெல்லாம் இல்லவே இல்லீங்க. கடிபட்டு நான் கீழ உளுந்துட்டன்."

"அப்புறம் என்னத்தடா எழுதறது?"

"நானே எந்திரிச்சனுங்க. ஆரும் தூக்கலீங்க. எந்திரிச்சுத் தடியெடுத்து வெள்ளச்சிக்கு முன்னால நின்னனுங்க, அதுக ஓடிருச்சு. அதை எழுதுங்க."