மத்தியானத்தில் போன உயிர்

வயதானவர்கள் விடியற்காலையில்தான் போவார்கள் என்று என் மதினிக்கு, கணவரின் அக்காவுக்கு, யாரோ சொல்லிவிட்டார்கள். மாமியாரை ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அங்கே ஒரு நர்ஸ் சொல்லியிருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து அந்த வார்டின் விடியற்காலை மதினியின் சொத்தாகிவிட்டது.

முறை வைத்துத்தான் பார்த்துக்கொண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் காலையில் வந்து பொழுது சாயும்வரை இருப்பேன். வத்திராயிருப்பில் வாழ்க்கைப்பட்ட மதினி சாயங்கால பஸ்ஸில் வந்து ராத்திரி தங்குவாள். ஒருநாள் முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பேண்டேஜ் துணி கம்பெனி ஆபீஸில் எனக்கு லீவு தீர்ந்துகொண்டிருந்தது. மற்ற நோயாளிகளுக்குத் துணைக்கு இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி மதினி சொன்னாள்: "கடைசிப் பால் மக கையாலதான் விழணும். மருமக ஊத்தி எங்கம்மா போய்ச் சேர வேண்டாம்."

அந்த அம்மா என் வீட்டில்தான் இருந்தார். என் சமையலைத்தான் சாப்பிட்டார். ரத்தக்கொதிப்புக்காக நான் உப்பைக் குறைத்தால், வேண்டுமென்றே குறைக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்வார். பண்டிகைக்குப் பண்டிகை வந்து தலைவாரிவிட்டுப் போகும் மகளைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார். எனக்கும் அவருக்கும் பிரியம் என்று ஒன்று இருந்ததில்லை. இருந்ததாக இப்போது எழுதினால் அது பொய்.

விடியற்காலைச் சாவு என்பது என்னவென்று அந்த வார்டிலேயே பார்த்தேன். மழைக்குப் பயந்து மதினி வராத ஒரு ராத்திரி நான் தங்க வேண்டியதாயிற்று. எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இருட்டிலேயே அது நின்றது. புரண்டு படுத்திருப்பார் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து வார்டில் விளக்கைப் போட்டார்கள், பினாயில் வாளி வந்தது, அதன் பின்னால் பி.பி. பார்க்கும் நர்ஸ் வந்தாள். அவள் அவர் கையைத் தொட்டு, அப்படியே வைத்துவிட்டாள். விடிய விடிய உயிரோடு இருந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனார் என்று அவர் வீட்டார் அழுதார்கள். விளக்குப் போட்டபோது அவர் எந்த வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. நர்ஸ்தான் அவரைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் உயிர் போகிற நேரம் என்று எழுதப்படுவது யாராவது வந்து எட்டிப் பார்க்கிற நேரம்.

டூட்டி டாக்டரிடம் கேட்டேன். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதிகாலையில் இதயத்துக்குச் சிரமம் அதிகம், பொதுவாக அப்படித்தான் என்று கைபேசியைப் பார்த்தபடியே சொன்னார். எங்கள் அத்தைக்கு எப்படி என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

நான் இதைச் சொன்னதும் மதினிக்கு அந்தப் 'பொதுவாக' போதுமாயிருந்தது. சுந்தரபாண்டியத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மதினி டம்ளரில் பாலை வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். மாமியார் கண்ணைத் திறந்து, எதற்கு எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, காப்பி வேண்டும் என்றார். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாள் பாதிப்பேர்தான். வெயில் ஏறினால், இனி இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று சினிமா முடிந்த மாதிரி கலைந்து போவார்கள். மிச்சப் பகலுக்கு நான் ஒருத்தி.

அப்படி ஒரு பகலில்தான் அவர் போனார். மதினி குளித்துவிட்டு வர ஊருக்குப் போயிருந்தாள். அன்று காலையில் மாமியார் ஒரு இட்லி சாப்பிட்டிருந்தார். ஊசி போட வந்த நர்ஸைத் திட்டினார். சீப்பு கேட்டு வாங்கித் தானே தலையைச் சீவப் பார்த்தார். மத்தியானம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கையை அசைத்தார். எழுந்து கையைக் கழுவிவிட்டு, பிடரியைத் தாங்கிப் பிடித்து ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீயா இருக்க? அவ எங்க?"

"சாயங்காலம் வருவாவ, அத்தெ."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் கை அவர் பிடரிக்கடியில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டது. கத்திக் கூப்பிட்டேன். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். டாக்டர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடைசியாகப் பார்த்த முகம் என் முகமாக இருந்தது மாமியாருக்கு ஏமாற்றம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

மதினி வந்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நான் போறது வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தியாட்டி?" என்று கேட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு உடலைக் கிடத்துவதற்குள் மதினி கதையை மாற்றிவிட்டாள். விடியற்காலையிலேயே தன் மடியில் உயிர் போய்விட்டதாம். தான் பால் ஊற்றினாளாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் மெஷினை மாட்டி மத்தியானம் வரைக்கும் இழுத்தார்களாம். மாமியார் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைத் தவிர அங்கே ஒரு மெஷினும் இல்லை. துக்கத்துக்கு வந்த பெண்களிடம் மதினி இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மதினி, மத்தியானம் என் கையில தண்ணி வாங்கிக் குடிச்சாவ."

"பொணம் தண்ணி குடிக்குமாட்டி?"

பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற என் கணவருக்கு இது கேட்டது. ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

கருமாதி அன்று, வருஷத் திதி குறிப்பதற்காகப் புரோகிதர் உயிர் போன நேரத்தைக் கேட்டார். இறந்த அன்று காலையில் சதுர்த்தசி, பொழுது ஏறியபின் அமாவாசை, அதனால் நேரம் சரியாகத் தெரிய வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியதே என் கணவர்தான். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"விடியக்காலையில," என்றார்.

எல்லாரும் போனபின் அவரிடம் கேட்டேன். அக்கா பாவம், அவளுக்கு அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டுப் போவோமே, உனக்கு அதில் என்ன குறைந்துபோகிறது என்றார்.

"எனக்கு ஒண்ணும் கொறையல. உங்கம்மா அன்னைக்குக் காலையில இட்லி தின்னாவ, நர்ஸ வஞ்சாவ, தலை சீவுனாவ. அம்புட்டையும் இல்லைன்னு ஆக்கிட்டீக. எனக்குப் புடிக்காத மனுஷிதான். ஆனா அரை நாள் உசுரோட இருந்தாவ."

அன்றிலிருந்து வீட்டுக்குள் தேவைக்குத்தான் பேச்சு.

போன மாதம் முதல் வருஷத் திதி வந்தது. சதுர்த்தசியில், வத்திராயிருப்பில், மதினி வீட்டில் கொடுத்தார்கள். அவர் மட்டும் போனார். நான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தவர் ஒரு தூக்குவாளியில் பாயசத்தைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். அவரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. மறுநாள் புளித்துப்போயிருந்தது. சாக்கடையில் ஊற்றி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.