வால்வெள்ளியின் மீது விழுந்த பழி

மாசி மாதம். அக்காவின் கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. வானத்தில் வால்வெள்ளி நிற்கும்போது மங்கல காரியம் ஆகாது, ஆகவே கலியாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன் என்று, பலகாரத்துக்கு மா இடிக்க வந்திருந்த பெண்களிடம் அப்பா அறிவித்தார். அப்பா விஞ்ஞான ஆசிரியர். வால்வெள்ளி என்பது சூரியனைச் சுற்றிவரும் பனிக்கட்டியும் தூசும் என்று முந்திய கிழமைதான் எங்கள் வகுப்பில் படம் கீறிக் காட்டியிருந்தார்.

உலக்கைகள் நின்றன.

"வாத்தியாருக்கும் வாலைக் கண்டாப் பயந்தான்கா" என்றார் சின்னம்மா. முற்றமே சிரித்தது. பதினொரு வயதில் அந்த அவமானம் எனக்குத் தாங்கவில்லை.

"பனிக்கட்டி எண்டு நீங்கதானே அப்பா படிப்பிச்ச?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"ஓம் மனே, படிப்பிச்சதுதான். அது பள்ளிக்கூடத்துக்கு."

பெண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்ததை நான் நெடுநாள் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை உன்னிச்சையில் வயல் செய்த மாமியின் மகன், எனக்கு மச்சான். எங்கள் பக்கத்து வழக்கப்படி, அக்காவுக்கென்று கட்டிய வீட்டுக்கு அவர்தான் குடிவர வேண்டும். அப்பா அறிவித்ததற்கு முந்தினநாள் படையினர் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். பெயர் வெளியே அடிபடாவிட்டால் மீட்டுவிடலாம் என்று யாரோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இது தெரியும். வாயைக் காக்க அறியாதவன் என்பதால் என்னிடம் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. வானத்தில் ஒன்று ஆயத்தமாக நின்றது. வாக்கு நிறைவேறவில்லை. அக்கா அந்த வீட்டில் தனியாகவே வாழ்ந்து, சென்ற ஆண்டு மறைந்தாள்.

அன்று நானோ விஞ்ஞானத்தைக் காக்கப் புறப்பட்டேன். மூன்றாம் நாள் விடியுமுன் அக்காவை எழுப்பி, வீட்டுக்குப் பின்னாலிருந்த வாவிக்கரைக்கு அழைத்துப்போனேன். வவுணதீவில் எங்களுக்குக் கிழக்கு முழுவதும் நீர். அதற்கு மேலே, கரும்பலகையில் விரலால் தேய்த்த வெண்கட்டிக் கோடுபோல் அது மங்கலாகத் தெரிந்தது. இதனால் யாருக்கும் ஒரு கெடுதியும் வராது, நீயே அப்பாவிடம் சொல், கலியாணம் நடக்கும் என்றேன்.

அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போனது திரும்பி வருமாடா?"

"எழுபத்தாறு வருசத்தால கட்டாயம் வரும் அக்கா. கணக்குப் பிழைக்காது."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எழுபத்தாறு வருடம் அவளுக்கு நீண்டுவிட்டது போலும் என்று எண்ணினேன். இடையில் வேறு வால்வெள்ளிகளும் வரும் என்று ஆறுதல் சொன்னேன்.