வாஷ்பேசினில் சிவப்பு

என் வீட்டுக்காரருக்கு அடிநாக்கில் கட்டி. கழுத்தைக் கிழிக்காமல், வாய் வழியாகவே ரோபோ கையை விட்டு எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம்தான் சொன்னார். "ரெண்டு வாரம் பாத்துக்கங்கம்மா. எச்சில்ல துளி ரத்தம் தெரிஞ்சாலும் உடனே வந்துடணும்." தலையை ஆட்டினேன்.

எட்டாம் நாள் காலையில், மில்லில் அவரோடு வேலை பார்த்த சிநேகிதர் முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவரைப் பார்க்க வந்தார். மில்லை மூடிப் பல வருஷம் ஆகியும் இரண்டு பேரும் வெற்றிலையை விடவில்லை. இவரை நிறுத்தியது ஆபரேஷன்தான். அவர்களைப் பேசவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் சிநேகிதர் கிளம்பியிருந்தார், வாஷ்பேசினெல்லாம் சிவப்பு.

எனக்கு வந்ததே கோபம்! "அறுத்து எடுத்து எட்டு நாளு ஆவல, அதுக்குள்ள ஓசி வெத்தல கேக்குதா? நாய் வால நிமுத்த முடியுமா?" பேசக் கூடாதென்று சொல்லியிருந்ததால், அவர் கையை ஆட்டி இல்லை இல்லை என்றார். "நடிக்காத" என்றேன். எத்தனை வருஷம் கழுவிய கறை அது! உற்றுக்கூடப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அவர் வாசல் பக்கம் கை காட்டினார். சிநேகிதரைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறார் என்று நினைத்து அதற்கும் திட்டினேன். கஞ்சியை ணங்கென்று வைத்துவிட்டு, மத்தியானம்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

சோறு வடிக்கும்போது ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் கட்டிகட்டியாக வாந்தி எடுக்கிறார். அத்தனையும் ரத்தம். வெற்றிலை வாசனையே இல்லை. ஐயோ, கடவுளே!

ஆட்டோவில் அவர் வாய்க்கு நேரே துண்டைப் பிடித்துக்கொண்டு போனேன். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை.

"எப்பலேர்ந்து ரத்தம் வருது?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பதான் சார்" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவர் என்னைப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் ரத்தக்குழாயைக் கட்டி நிறுத்தினார்கள். மயிரிழையில் பிழைத்தார்.

இப்போது பேசுகிறார், குரல்தான் கொஞ்சம் கரகரப்பு. யார் பார்க்க வந்தாலும் ஒரே கதை. "எல்லாம் இவதான். ரத்தத்தப் பாத்த ஒடனே ஆட்டோ புடிச்சிட்டா. இல்லன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்."

அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். ஒரு தடவையாவது என்னைத் திட்டித் தொலைக்கலாம், இந்த மனுஷன்.