மின்சாரம் போகாத ஊர்

இயந்திரங்கள் ஆளும் எதிர்காலத்தை எழுதும் சைபர்பங்க் எழுத்தாளர் என்று இன்று என்னைக் குறிப்பிடுகிறார்கள். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் அச்சொல்லையே அறியேன். வியட்நாமில் சைகோன் வடக்குப் படைகளிடம் வீழ்ந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊரின் பெயரும் மாறியிருந்தது. அங்கே குடியேறியிருந்த காரைக்கால் குடும்பங்களில் பெரும்பாலானவை பிரான்சுக்குப் போய்விட, நானும் என் மனைவியும் எஞ்சினோம். நகரின் சோலோன் பகுதியில் வானொலி பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. பள்ளிப்படிப்பு சொற்பம், உரைநடையைப் பழைய மாத இதழ்களைப் பார்த்தெழுதிக் கற்றேன்.

என் முதல் கதையின் முன்பகுதியைப் படித்த சென்னை இதழாசிரியர் ஒருவர், முழுவதையும் அனுப்பினால் வெளியிடுவதாக எழுதியிருந்தார். அது வெளிவராவிடில் எழுத்தை விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். நாற்பதை நெருங்கியவனுக்கு இன்னொரு வாய்ப்பு வருமென்ற நம்பிக்கை இல்லை.

மனிதரின் நினைவுகளை இயந்திரங்களில் பூட்டிவைக்கும் எதிர்கால நகரம் ஒன்றைப் பற்றிய கதை அது. ஒருநாள் அங்கே மின்சாரம் நின்றுபோகிறது. அந்த இருளில் ஒருவன் இறந்த தன் தங்கையின் நினைவைத் திருடி மீட்கிறான்.

வெளிநாட்டுக்குச் செல்லும் கையெழுத்துப் படிகள் தபால் நிலையத்துச் சோதனை மேசையைக் கடந்தாக வேண்டும். தமிழ் அறிந்த அதிகாரி எவருமில்லை. ஆகவே வியட்நாமிய மொழியில் சுருக்கம் எழுதி இணைக்கச் சொன்னார்கள். வம்பு வேண்டாமென்று, கதை நடக்கும் ஊர் மெட்ராஸ் என்று எழுதிவைத்தேன். மெட்ராஸை நான் பார்த்ததே இல்லை.

மேசையிலிருந்தவர் வட வியட்நாமிலிருந்து வந்தவர், என்னிலும் மூத்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். எங்கள் பேச்சை நினைவிலிருந்து தமிழில் தருகிறேன்.

"மெட்ராஸ்ல குட்டை ஸ்டூல்ல உக்காந்து ஐஸ் போட்ட காபி குடிப்பாங்களா, தம்பி?"

"குடிப்பாங்க ஐயா."

"மாசத்துல பாதி நாள் கரண்ட்டும் போகுமா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண், "அப்போ நாமெல்லாம் மெட்ராஸ்லதான் இருக்கோம்!" என்று சிரித்தேவிட்டாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "இது நம்ம ஊரு. நூறு வருஷம் கழிச்சும் இங்க கரண்ட் போகும்னு வெளிநாட்டுக்கு எழுதி அனுப்புறியா? அதை மாத்திக் கொண்டா, முத்திரை போடுறேன். இல்லேன்னா போகாது."

கையெழுத்துக் கட்டை வாங்கிக்கொண்டு வீடு வந்து மனைவியிடம் புலம்பினேன். "கரண்ட் போகலேன்னா அவன் எப்படித் திருடுவான்? கதையே செத்துடும்."

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "கரண்டே போகாத ஊரா? நல்லா ஃபேன் சுத்தும், தூங்கலாம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா எனக்கு ஒத்துவராதுங்க. விளக்கு அணைஞ்சாத்தான் எதிர்வீட்டுக்காரி பாத்து, ரேஷனுக்கு மேல கறி ஏதுன்னு போட்டுக்கொடுக்காம நான் ஒரு கோழியாவது அறுக்க முடியுது" என்றாள்.

அச்சொற்களைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் எழுதினேன். புதிய கதையில் மின்சாரம் ஒருபோதும் நிற்பதில்லை. விளக்குகள் அணைவதில்லை, நினைவுகளைக் காக்கும் இயந்திரங்களும் கண்மூடுவதில்லை. தங்கையைத் தேடும் அண்ணனுக்கு ஒரு முழ இருள்கூடக் கிடைப்பதில்லை; பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில் நடந்துபோய்ப் பிடிபடுகிறான். முதற்கதையை விட இது பன்மடங்கு அச்சமூட்டுவது என்பதை எழுதும்போதே உணர்ந்தேன். பின்னர் நான் எழுதிய நூல்கள் யாவும் அந்த வெளிச்சத்திலிருந்து பிறந்தவையே.

இம்முறை சுருக்கத்தில் ஊரின் பெயரை மறைக்கவில்லை. அதிகாரி இருமுறை படித்தார்.

"கரண்ட் போகவே போகாதா?"

"போகாது ஐயா."

"நல்லது." பிறகு கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "அப்போ அந்தப் பையன் எங்கதான் ஒளியுறது?"

"ஒளிய இடமில்லீங்க, ஐயா."

மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கேட்டதைத்தான் கொடுத்திருந்தேன்; மறுக்க அவரிடம் காரணமில்லை. முத்திரையைக் குத்தி, கட்டைத் தம் கையாலேயே தபால் பையில் போட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார்.