என் கை இருந்த இடத்தில் ஒரு கம்பி

“...கைய எடு லா, அதான் கம்பி இருக்குல்ல,” என்றார் என் வீட்டுக்காரர், குளியலறை வாசலில்.

நான் எடுக்கவில்லை. அவருடைய இடது அக்குளுக்குள் என் வலது கை அப்படியே இருந்தது. இனிப்பு நீர் முற்றிப்போய், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் இடம். இன்றைக்குத்தான் குளியலறையில் சிமெண்டு காய்ந்து, கம்பியைப் பிடிக்கலாம் என்று ஆகியிருக்கிறது. அதற்குள் என் கையை எடுக்கச் சொல்கிறார்.

எனக்குப் பொறாமை. அதுவும் ஒரு இரும்புக் கம்பியின் மேல். வெளியில் சொன்னால் எங்கள் புந்தோங் ஊரே சிரிக்கும்.

எங்கள் வீடு பழைய வரிசை வீடு. அடுப்படியிலிருந்து குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். அந்தப் படியில் அவரை இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தொட்டியிலிருந்து நான்தான் மொண்டு ஊற்றுவேன். கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுப்பார். ரப்பர் தோட்டத்தில் மரங்களை அழித்த பிறகு லாரி ஓட்டப் போன மனிதர் அவர். வாரத்தில் பாதி நாள் லாரிக்கு, மீதிதான் எனக்கு. அப்படிப் பங்கு போட்டு வாழ்ந்தவள் கையில் ஆள் முழுசாகக் கிடைத்தால் விடுவேனா?

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு, “ஒன் புருஷன் ஒனக்குப் பொறந்த புள்ள மாதிரியில்ல ஆயிட்டாரு,” என்றார். அவர் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். எனக்கோ பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க அதை உடுத்திக்கொண்டுதான் வேலை செய்தேன்.

பிறகு ஒருநாள் ஈரத் தரையில் என் கால் வழுக்கி, அவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. இரும்புக் கடையில் நானே ஒரு கம்பி வாங்கி, ஆளைக் கூப்பிட்டு, “இங்க போடுங்க” என்று சுவரைக் காட்டினேன். என் தோள் உயரத்துக்குக் காட்டிவிட்டேன். உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது எட்டவே இல்லை. துண்டு காயப்போட வசதியாக இருந்தது.

“துண்டுக்குக் கால் போச்சுன்னு நெனச்சியா?” என்றார் வீட்டுக்காரர்.

பக்கத்து வீட்டு அக்காதான் சுங்கை சிப்புட்டில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். சாய்தளம், கைப்பிடி, தாழ்வான குழாய் என்று நடக்க முடியாதவர்களுக்காக வீட்டை மாற்றிக் கொடுப்பவளாம். பின்னால் இரண்டு துணைச் சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த கால், இரும்புச் சட்டத்துக்குள் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அப்புறம் எல்லாப் பேச்சும் அவரிடம்தான்.

“அண்ணே, எந்தக் கை பலம்?”

“வலது கைதான்,” என்றேன் நான்.

“அண்ணே?”

“வலதுதாம்மா,” என்றார் அவர்.

“அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்மா,” என்றேன்.

“தெரியும்க்கா. ஆனா கம்பியப் பிடிக்கப் போறது அவரு.”

எனக்குச் சுருக்கென்றது. அடுப்படிக்குப் போய் தே ஓ கலக்கினேன். பால் இல்லாத வெறும் தேநீர், சீனியும் இல்லை. அவளுக்கு ஒரு கப், எனக்கு ஒரு கப். அதற்குள் இரண்டு பேரும் பேச்சில் தோட்டத்துக்கே போய்விட்டிருந்தார்கள். அவளும் தோட்டத்துப் பிள்ளையாம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியது, எண்ணும்போது தூங்கி வழிந்தது, ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் நிறைந்தது என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். நான் பாகான் செராய்க்காரி. வயல் தெரியும், ரப்பர் மரம் தெரியாது. என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றேன்.

“அண்ணனுக்குத் தே ஓ இல்லையாக்கா?”

“இனிப்பு நீர் வந்ததிலிருந்து அவர் தண்ணிகூட அளவாத்தான் குடிப்பாரு,” என்றேன் பெருமையாக. மார்க்கெட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு அவளிடம் சொன்னார்: “அதெல்லாம் இல்லம்மா. குடிச்சா அடிக்கடி உள்ள போவணும். ஒவ்வொரு தடவையும் இவ ஓடி வரணும். மார்க்கெட்டுல நின்னு நாலு வார்த்த பேச முடியல இவளால. பேசாட்டி இவளுக்குச் சோறு எறங்காது. அதான் வாயக் கட்டிட்டேன்.”

என் கப்பில் இருந்த தே ஓ ஆறிப்போனது.

தினமும் தலையில் தண்ணீர் ஊற்றியவள் நான். அவர் தொண்டை காய்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. வந்து கால்மணி நேரம் ஆகாத ஒருத்தியிடம் சொல்கிறார். அன்றைக்கு அவள் மேல் எனக்கு எரிந்த எரிச்சலில் அடுப்பில்லாமலே சோறு பொங்கியிருக்கலாம்.

அவள் அவரைக் குளியலறைச் சுவர் ஓரமாக நிறுத்தினாள். “கண்ண மூடிக்குங்கண்ணே. விழப்போறீங்கன்னு நெனைங்க. கை எங்க போவுது?”

நான் பதறி அக்குளைப் பிடிக்கப் போனேன். “நீங்க பின்னால நில்லுங்கக்கா. தொடாதீங்க,” என்றாள். அவர் கண்ணை மூடினார். ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாகச் சுவரில் போய் ஒட்டின. அவள் சாக்குக்கட்டியால் இரண்டு இடத்தையும் குறித்து, கோடு இழுத்தாள். சாய்வாக இருந்தது.

“கோணலா இருக்கே,” என்றேன்.

“ரப்பர் பால் வெட்டுன கைங்கக்கா. கத்தி புடிச்ச பழக்கம். மரத்துல கோடு எப்படிச் சாயுமோ அப்படியே போவுது.”

அவர் கண்ணைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

கம்பி அந்தக் கோட்டிலேயே ஏறியது. படி சாய்தளமானது. குழாய் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினாள். உள்ளே தாழ்ப்பாளும் வைத்தாள்.

“தாழ்ப்பாள் எதுக்கு?” என்றேன். இத்தனை நாளும் நான் கூடவே உள்ளே இருந்தவள்தானே.

“எல்லாருக்கும் வேணும்க்கா,” என்றாள். “ஏதாச்சும் ஆச்சுன்னா வெளியில இருக்கற இந்தப் பள்ளத்துல காச வெச்சுத் திருப்புங்க, தெறந்துக்கும். அத ஒங்களுக்காகத்தான் வெச்சேன்.”

அவள் எனக்கென்று சொன்னது அது ஒன்றுதான்.

ஆக, இன்றைக்குக் காலையில் அந்த வாசலில் நின்றோம். கையை எடுக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு விரலாக எடுத்தேன். அவருடைய வலது கை கம்பியைப் பிடித்தது. தேட வேண்டியே இருக்கவில்லை. உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரு காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியில் நின்றேன். தண்ணீர் விழுந்தது. நான் ஊற்றுவதைவிட அதிகமாக விழுந்தது. என்ன பாட்டோ, ஏதோ முனகல். என்னிடம் குளித்தபோது பாடியதே இல்லை. நெடுநேரம் ஆனது. காசு சூடாகிவிட்டது. கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

அடுப்படிக்குப் போய் எனக்கு மட்டும் ஒரு தே ஓ கலக்கி மேசையில் வைத்தேன். பெரிய கப்பில்.

தாழ்ப்பாள் விலகியது. இடுப்பில் துண்டு, தலையில் ஈரம். கம்பியை விட்டு, வாசலில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, மெதுவாக வந்து மேசையருகே உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கப்பைத் தன் பக்கம் இழுத்து, அடிவரை குடித்துவிட்டு, காலிக் கப்பை என்னிடம் நீட்டினார்.