எல்லம்மா குரலும் மெட்டில்டா கூடையும்

தாம்பரத்தில் கிளம்பும் காலை வண்டியில், பெண்கள் பெட்டியில், இருபத்தைந்து வருஷமாகக் கொய்யா விற்கிறவள் எல்லம்மா. கூவும்போது தாழ்வாகத் தொடங்கி, இழுத்துக்கொண்டே போய், கடைசியில் விக்கினாற்போல் வெட்டுவாள். மகள் வயிற்றில் இருந்தபோது கூடை தூக்கி மூச்சு முட்டியதில் வந்த வெட்டு. மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, வெட்டு மட்டும் போகவில்லை. அதைக் கேட்டால் தூங்கி வழிகிறவளும் பர்ஸைத் துழாவுவாள்.

அதே பெட்டியில் கிளிப்பும் பொட்டும் விற்கிறவள் மெட்டில்டா. அவளுக்குக் குரல் என்று சொல்ல என்ன இருக்கிறது? தகரத்தைச் சுரண்டின மாதிரி ஒரு கீச்சு.

அந்த வண்டியில் வேலைக்குப் போகிற ஜோசலின் டீச்சர் ஒரு நாவல் எழுதினாள். நகரத்தைக் கண்ணுக்குக் காட்டாமல் காதுக்குக் காட்டுகிற நாவலாம். டீச்சர் வராத ஒரு நாள், ஆபீஸ் போகிற கிறிஸ்டினா அதைக் கொண்டுவந்து முதல் பக்கத்தை எல்லாருக்கும் உரக்கப் படித்தாள்.

"வளைவில் சக்கரம் கிறீச்சிட்டது. கம்பியில் வளையல்கள் உரசின. பிறகு கிளிப்பு விற்பவளின் குரல். தாழ்வாகத் தொடங்கி, நீண்டு, விக்கலாக வெட்டியது. ஊர் விழித்துக்கொண்டது."

எல்லம்மா கூடையைக் கீழே வைத்தாள். "அது என் கொரலு," என்றாள்.

"புக்குல கிளிப்புன்னுதானே போட்டுக்கீது. உனக்கு இன்னாக்கா பேஜாரு?" என்றாள் மெட்டில்டா.

அன்று முதல் மெட்டில்டாவுக்கு ராஜ நடை. அதுகூடப் போகட்டும். எல்லம்மா கூவியதைக் கேட்ட ஒரு காலேஜ் பெண், "இவங்களும் அந்த கிளிப்புக்காரம்மா மாதிரியே ட்ரை பண்றாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எல்லம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சர் வந்த அன்று எல்லம்மா அவள் காலடியிலேயே கூடையை இறக்கினாள்.

"கண்ண மூடிகினு கேட்டியா டீச்சரம்மா?"

"ஆமா எல்லம்மா. சத்தம் மட்டும் மனசுல நிக்கணும்னு மூடிப்பேன். திறந்தப்ப மெட்டில்டா கூடைதான் எதிர்ல இருந்துச்சு. என் தப்புதான். அடுத்த பதிப்புல மாத்திடறேன்."

"இப்பவே மாத்து."

கிறிஸ்டினாவின் புத்தகத்தில் டீச்சர் பேனாவால் கிளிப்பை அடித்துக் கொய்யா என்று எழுதினாள். எல்லம்மா அதைக் கிறிஸ்டினாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பேரு எங்க?"

"நாவல்ல நிஜப் பேரு போடறதில்ல."

"அவ கூடைய மட்டும் நிஜமா போட்டுக்கிற."

டீச்சர் பேரையும் எழுதினாள்.

"ஒரு புக்குலதானே," என்றாள் மெட்டில்டா, கிளிப்பு அட்டையை ஆட்டியபடி. "மீதி அத்தினிலயும் நான்தான்."

பல்லாவரத்தில் எல்லம்மா இறங்கி அடுத்த பெட்டியில் ஏறினாள். கொய்யாவைக் கூவவில்லை. "யாரு கைலயாச்சும் டீச்சரு புக்கு கீதா?" என்று ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டே போனாள்.